வராத ரயில்

வியாழன் விடிய ஐந்தரை.
குசினி வாசலில் டொபி விழுந்து கிடந்தது.
எழுந்தது, இடப்பக்கம் சரிந்தது,
மறுபடி எழுந்து
பிரிட்ஜில் போய்ச் சாய்ந்து நின்றது,
நூறாம் நம்பர் பஸ்ஸில்
கம்பி எட்டாத பிள்ளையைப் போல.

கண்களைத்தான் பார்க்க முடியவில்லை.
வலப்பக்கம் வெட்டி, மெல்ல இடம் நழுவி,
வலப்பக்கம் வெட்டி, மெல்ல இடம் நழுவி,
ஓடும் ரயிலின் பெட்டிகளை
ஒன்றும் விடாமல் எண்ணுகிற கண்கள்.
ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.
தண்டவாளம் வெறுமையாய்க் கிடந்தது,
அதற்கப்பால் கடல்.

முடிந்தது என்று நினைத்தேன்.
பதின்மூன்று வயது நாய் சரிந்தால்
வேறென்ன நினைப்பது?

மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யாது,
போன தேர்தலுக்கு முன்னிருந்தே.
குளிக்கிற துவாயை வயிற்றின் கீழ் கொடுத்து
இரண்டு முனையையும் நான் பிடிக்க,
முன்னங்கால்கள் படி தேடின
படி இல்லாத இடத்தில்.
இரண்டாம் மாடியில் என் செருப்பில் வாந்தி.
ஓட்டோக்காரர் பேப்பர் விரித்துக் காத்திருந்தார்.

டொக்டர் நில்மினி
டோர்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தார்.
"பய வென்ன எப்பா" என்றார்.
பயம் மட்டும் இரண்டு பாஷையிலும்
அநேகமாக ஒரே சொல்.
பற்றுச்சீட்டின் பின்பக்கம் ஒரு நத்தையை வரைந்து
இதுதான் உள்காது,
இங்கேதான் தராசு பிசகியிருக்கிறது என்றார்.
பாரிசவாதம் இல்லை.
கிழ நாய்களுக்கு வரும், ஏனென்று தெரியாது,
தானாய்ப் போகும்.
தலைச் சரிவு மட்டும் கொஞ்சம் நின்றுவிடலாம்.
தூக்காதே, தூக்கினால் இன்னும் சுற்றும்.
இரவில் விளக்கை அணைக்காதே,
இருட்டில் அதற்கு
மேல் எது கீழ் எது என்று தெரியாது.

அன்று பின்னேரம் கதவு தட்டினவர்
கீழ்வீட்டுக் குகப்பிரகாசம்.
குரைப்புப் பற்றி மூன்று முறைப்பாடு எழுதியவர்.
கக்கத்தில் இரண்டு ரப்பர் விரிப்பு,
பினாயில் மணத்தோடு.
"டைல்ஸ் வழுக்கும். போன வருசம் எனக்கும் இதுதான்.
கட்டில் சுத்தினது, கூரை சுத்தினது,
பாத்ரூமில விழுந்தன்.
ஒரு இடத்தையே பாக்கச் சொல்லுங்கோ.
நான் கலண்டரைப் பாத்தன்."
நாய்க்கு அதை எப்படிச் சொல்வதென்று
நான் கேட்கவில்லை.
அவரும் ஒரு கணம் யோசித்தவர் போல நின்று
படியிறங்கிப் போனார்,
கைப்பிடியை விடாமல்.

மூன்று இரவு விளக்கு எரிந்தது.
தரையில் அதன் பக்கத்தில் படுத்து
என் முகத்தை ஒரே இடத்தில் வைத்திருந்தேன்.
கலண்டர் இல்லாதவர்களுக்கு முகம்.
நான்காம் நாள் பாரை மீனும் சோறும்
விரலிலிருந்து தின்றது,
பாதி இடக் கடைவாயால் சிந்தியது.
ஏழாம் நாள் மேசையைச் சுற்றி நடந்தது,
இடப்பக்கமாகவே,
நேர்த்தி வைத்ததுபோல ஒன்பது சுற்று.
பிறகொரு காலை
சுவரை உரசிக்கொண்டு தானே படியிறங்கியது.

தலை நிமிரவில்லை.
ஒரு காது வானத்துக்கு, ஒரு காது தரைக்கு.
மரைன் டிரைவில் எல்லோரும்
தங்களை ஏதோ கேட்கிறது என்று நினைக்கிறார்கள்.
கடலைக்காரப் பையன்
"சத்தியமா, இண்டைக்கு வறுத்தது" என்றான்.
குடைக்குள் இருந்த இருவர்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.
ஒரு பொலிஸ்காரர் மணி சொன்னார்.

நேற்று நான்காவது முறைப்பாடு வந்திருக்கிறது.
குரைப்பு, மறுபடியும்.
விரிப்புகளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

இன்று பாணந்துறைப் பக்கம் ஒரு ரயில் போனது,
வாசலெல்லாம் ஆட்கள் தொங்க.
டொபி நின்றது, நானும் நின்றேன்.
ரயிலைப் பார்க்கவில்லை நான்.
பெட்டி பெட்டியாய் ஓடிய அந்தக் கண்கள்
கடைசிப் பெட்டி போனதும்
நிற்கின்றனவா என்று பார்த்தேன்.

நின்றன.